மெக்சிக்கோ முறைக் கேரல்

எங்கள் ஊரில் கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரத்தில் ஒரு சாயங்காலம் மட்டும் கேரல் கோஷ்டி வேறு விதமாகப் போகும். மற்ற நாட்களில் எல்லா ஊர்களிலும் உள்ளதுதான்: டிரம், கிட்டார், பஞ்சுத் தாடி வைத்த கிறிஸ்துமஸ் தாத்தா, வீட்டுக்கு இரண்டு பாட்டு, ஒரு ஜெபம், கேக், கட்டன் சாயா. அந்த ஒரு சாயங்காலத்தில் மரியாளும் யோசேப்புமாக வேஷம் கட்டிய இரண்டு பேர் முன்னால் நடக்க, மற்றவர்கள் பாடிக்கொண்டு பின்னால் போவார்கள். வெளியே நிற்பவர்கள் தங்க இடம் கேட்டுப் பாடுவார்கள். வீட்டுக்குள் இருப்பவர்கள் இடமில்லை என்று பதில் பாடுவார்கள். ஊருக்குப் புதிதாக வாழ வந்த மருமகள்கள் யாராவது இதென்ன வழக்கம் என்று கேட்டால், "இது மெக்சிக்கோ முறையாக்கும்" என்று கம்பீரமாகப் பதில் வரும். சொல்பவர்களில் பாதிப் பேருக்கு மெக்சிக்கோ எந்தத் திசையில் இருக்கிறது என்று தெரியாது.

எனக்குத் தெரியும். நாலு வயதிலிருந்து ஒன்பது வயது வரை நான் அங்கே இருந்தவள். இந்த முறையில் மெக்சிக்கோவில் இல்லாத இரண்டு பிழைகள் இருக்கின்றன என்று அதிகாரத்தோடு சொல்லக்கூடிய ஒரே ஆள் இந்த வட்டாரத்தில் நான்தான். அந்தப் பிழைகள் முதன்முதலாக நடந்தபோது வயிற்றில் தலையணையைக் கட்டிக்கொண்டு மரியாளாக நின்றவளும் நான்தான்.

அப்பாவுக்கு அங்கே கார் உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலையில் வேலை. கன்னியாகுமரி மாவட்டத்தில் எங்கள் கருங்கல் ஊர்ப் பக்கத்திலிருந்து ஆண்கள் குவைத்துக்கும் துபாய்க்கும் போவதுதான் ஊர் வழக்கம். அப்பா மட்டும் யாரும் போகாத திசையில் போனார். அந்த நகரத்தில் எங்களைப் போல நாலைந்து தமிழ்க் குடும்பங்கள் இருந்தன. டிசம்பர் பிறந்துவிட்டால் எல்லோரும் யாராவது ஒருவர் வீட்டில் கூடி, அந்த நாட்டுக்காரர்களின் கூத்துகளைப் பேசிச் சிரிப்பார்கள். கிறிஸ்துமஸ் குடிலில் ஆடு, மாடு, மேய்ப்பர் எல்லாம் வைப்பார்கள், குழந்தையை மட்டும் வைக்கமாட்டார்கள். அது இருபத்துநாலாம் தேதி சாவகாசமாக வந்து சேரும். வருஷம் பிறக்கும்போது மணி அடிக்க அடிக்க, ஒவ்வொரு அடிக்கும் ஒரு திராட்சைப் பழத்தை விழுங்க வேண்டும். புது வருஷத்தில் பயணம் அமைய வேண்டுமென்றால் காலிப் பெட்டியை இழுத்துக்கொண்டு தெருவைச் சுற்றி வர வேண்டும். சிரித்தவர்கள் எல்லோரும் வருஷப் பிறப்பன்று தவறாமல் பெட்டியை இழுத்தார்கள் என்பது வேறு விஷயம். எங்கள் அப்பாவும் இழுத்தார். இந்த மனுஷனுக்கு உலகத்தைச் சுற்றிப் பார்க்க என்ன ஆசை என்று தெருக்காரர்கள் நினைத்திருப்பார்கள். அவருக்கு வேண்டியிருந்தது ஒரே ஓர் ஊர்தான்.

அம்மாவுக்கு மட்டும் எல்லாவற்றையும் விடப் பிடித்துப்போனது போசாதா. கிறிஸ்துமஸுக்கு முன்னால் ஒன்பது சாயங்காலங்கள், தெருவில் உள்ளவர்கள் மெழுகுவர்த்தியோடு வீடு வீடாகப் போய் மரியாளுக்கும் யோசேப்புக்கும் இடம் கேட்பார்கள். எங்கள் தெருவில் முதல் இரண்டு வீடுகள் மறுக்கும், மூன்றாவது வீடு கதவைத் திறக்கும், பிறகு எல்லோருக்கும் அங்கே சாப்பாடு. ஆரம்பத்தில் அம்மா கேட்டுக்கு உள்ளேயே நின்று எட்டிப் பார்த்தாள். மரியாள், யோசேப்பு சிலைகளை, சுரூபங்களைத் தூக்கிக்கொண்டு போகிறார்களே என்று தயக்கம். சுரூபம் வைக்காத சபையில் ஞானஸ்நானம் பெற்றவள் அல்லவா. எதிர் வீட்டு அம்மாள் ஒருத்தி வந்து கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். அடுத்த வருஷம் அம்மாவுக்கு எல்லா அடிகளும் மனப்பாடம். உள்ளே இருப்பவர்கள் என்ன பாடுகிறார்கள் என்பது புரிந்த அன்றைக்குச் சோறு போட்டுக்கொண்டே அப்பாவிடம் சொன்னாள்: "வேண்டாம்ணு சொல்லியதுக்கும் ஒரு பாட்டு வச்சிருக்கினும் பாத்தியளா. நம்ம ஊருல வேண்டாம்ணா அதோட பேச்சையே நிறுத்திப்போடுவோம்."

அப்பா குழம்பைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அம்மா சொன்னது அப்பாவையும் பெரியப்பாவையும் பற்றி. அப்பாவின் அப்பாவை நாங்கள் பாட்டா என்போம். பாட்டா இறந்தபோது எங்கள் குடியிருப்பு அனுமதி புதுப்பிக்கப் போயிருந்தது. இப்போது நாட்டை விட்டுப் போனால் திரும்ப உள்ளே வர முடியாது என்று சொல்லிவிட்டார்கள். ஊரில் பெரியப்பா கட்டையடக்கத்தைத் தள்ளிவைத்துத் தம்பிக்காகக் காத்திருந்தார். தம்பி வரவில்லை. தனியாக நின்று மண் போட்டார். "அப்பனுக்க மொகத்தப் பாக்க வராதவன் எனக்க நடையில ஏறண்டாம்" என்று அவர் சொன்னது தொலைபேசியில் எங்களுக்கு வந்து சேர்ந்தது. "ஏறமாட்டேன்" என்றார் அப்பா. அண்ணன் தம்பிக்குள் நடந்த கடைசிப் பேச்சு அதுதான். அதையும் நேருக்கு நேர் பேசவில்லை.

எனக்கு ஒன்பது வயதானபோது மெக்சிக்கோவை விட்டு ஒரேயடியாக ஊருக்கு வந்துவிட்டோம். தென்னந்தோப்பு ஒன்றைத் தாண்டினால் பெரியப்பா வீடு. அப்பா பிறந்து வளர்ந்த வீடும் அதுதான். பிள்ளைகளுக்கு அந்தச் சண்டையில் பங்கில்லை என்பதால் நான் போவேன், வருவேன், பெரியப்பாவின் மனைவி பெரியம்மை கையால் சாப்பிடுவேன், வருகிற விருந்தாளிகளுக்கு முன்னால் ஸ்பானிஷில் ஒன்று முதல் பத்து வரை சொல்லிக் கைதட்டல் வாங்குவேன். அப்பா மட்டும் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. சகோதரர்கள் இருவரும் ரோட்டில் எதிரெதிரே வர நேர்ந்தால், ஆளுக்கொரு பக்கத்து வேலியில் என்ன காய்த்திருக்கிறது என்று பார்த்துக்கொண்டே கடந்து போவார்கள். ஞாயிறு ஆராதனைக்குக் கோவிலில் ஒருவர் வலப்பக்கத்து பெஞ்சு, மற்றவர் இடப்பக்கம். இப்படியே விட்டால் இந்தக் கிறிஸ்துமஸும் போகும், அடுத்ததும் போகும், கடைசியில் ஒருவருடைய சவப்பெட்டிக்குப் பக்கத்தில்தான் மற்றவர் வந்து நிற்பார் என்பது அம்மாவின் பயம். அதை அவள் பெரியம்மையிடம் சொல்லி அழுததை நான் கேட்டிருக்கிறேன். கேட்டாலும் எனக்கு அதில் அக்கறை இல்லை. என் கவலையெல்லாம் அந்த வருஷக் கேரலில் எனக்கு என்ன வேஷம் என்பதுதான்.

கேரல் கோஷ்டிக்காரர்களிடம் அம்மா போசாதாவைப் பற்றிச் சொன்னபோது அவர்கள் உடனே ஒப்புக்கொண்டார்கள். பக்கத்து ஊர்க் கோஷ்டி கீபோர்டு வாங்கிவிட்ட வருஷம் அது. நம்மிடமும் ஏதாவது புதிதாக இருக்க வேண்டாமா? அம்மா அடுக்களையில் தேங்காய் துருவிக்கொண்டே தமிழில் அடிகளைக் கட்டினாள். அந்த நாட்டுப் பாட்டின் வார்த்தைகள் அல்ல, அவளே கட்டியது.

வெளியே நிற்பவர்கள்,

"வெகுதூரம் நடந்தோமே, வழியும் இருண்டதே,
ஒரு ராவு தங்கிட ஓரிடம் தாரீரோ"

என்று பாட வேண்டும். உள்ளே இருப்பவர்கள்,

"இடமில்லை இவ்வீட்டில், இப்போதே போங்களே,
அறியாத பேருக்குத் திறவாது கதவுமே"

என்று பாட வேண்டும். இப்படி மூன்று முறை கெஞ்சலும் மூன்று முறை மறுப்பும். சுரூபம் கிடையாது, ஆட்களே வேஷம் கட்டுவது என்று முடிவானது. மரியாள் நான். இதில் யாருக்கும் மறுபேச்சு இருக்கவில்லை. பெத்லகேமுக்கு அடுத்தபடியாக இந்த விஷயத்தை நேரில் பார்த்தவள் நான் ஒருத்திதானே. யோசேப்பாக இளைஞர்களில் ஒருவரும் முன்வரவில்லை. ஊருக்கு முன்னால் வீட்டு வாசலில் நின்று கெஞ்சுவது அவர்களுக்குக் கேவலமாக இருந்தது. "நீங்கோ நில்லுங்கோ. மெட்டு தெரிஞ்ச ஆம்பள நீங்கோ ஒருத்தருதான்" என்று அம்மா அப்பாவிடம் சொன்னாள். அப்பா பாடி நான் கேட்டதே இல்லை. அம்மா விடவில்லை. பிள்ளைக்குப் பக்கத்தில் நிற்பதுதானே என்று கடைசியில் அவர் சம்மதித்தார்.

முதல் வீடு மூலை வீட்டு அத்தை வீடு. உறவுமுறையில் அத்தை அல்ல, ஊருக்கே அத்தை. தையல் மிஷின் வைத்திருந்தவள். மூன்றாவது வீடு, அதாவது திறக்கிற வீடு, எங்களுடையது. இரண்டாவது வீட்டுக்குப் பெரியப்பாவைச் சொன்னவளும் அம்மாதான். எனக்கு அந்தத் தேர்வு மிகவும் சரியாகப் பட்டது. பெரியப்பாவுக்குக் கருங்கல் சந்தையில் வாழைக்குலை வியாபாரம். மட்டிக்கும் ஏத்தனுக்கும் அவர் ஏலம் கூறினால் பஸ் ஸ்டாண்டில் நிற்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். அப்படி ஒரு குரலை வைத்துக்கொண்டு வேறு யாரை "போ" என்று சொல்லச் சொல்வது?

அவருக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்கும் வேலை எனக்குத் தரப்பட்டது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் போவேன். பெரியப்பா கட்டிலில் சம்மணமிட்டு உட்கார்ந்திருப்பார். நான் ஸ்டூலில் ஏறி நின்று சொல்லிக்கொடுப்பேன். முதலில் சிரித்துக்கொண்டுதான் கேட்டார்.

"எத்தன மட்டம் இல்லைண்ணு சொல்லணும் மக்கா?"

"மூணு மட்டம் பெரியப்பா. கோவமா சொல்லணும்."

"அது நமக்கு வருமே" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "ஆருடே யோசேப்பு?" என்று கேட்டார்.

"எங்க அப்பா."

பெரியப்பா தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறி மறுபடியும் தோளில் போட்டுக்கொண்டார். முதல் அடியிலிருந்து இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். அன்றைக்குப் பிறகு அவர் சிரிக்கவில்லை. ஒழுங்காகப் படித்தார். நான் எவ்வளவு நல்ல டீச்சர் என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

"கதவ எப்பம் தொறக்கணும்?" என்று கடைசி நாள் கேட்டார்.

"நீங்கோ தொறக்கவே கூடாது பெரியப்பா. மூணாவது வீடுதான் தொறக்கும். நீங்கோ ரெண்டாவது வீடு."

"ஓ" என்றார்.

அந்தச் சாயங்காலம் விளக்குப் போடுகிற நேரத்தில் கோவில் முற்றத்திலிருந்து புறப்பட்டோம். வீடுதோறும் நட்சத்திர விளக்குகள் எரிந்தன. அம்மாவின் நீலப் புடவையைப் பாதியாக மடித்து என் தலையில் முக்காடு போட்டிருந்தார்கள். வயிற்றில் தலையணை. பக்கத்தில் அப்பா, கையில் ஒரு தடி, தோளில் படுக்கை விரிப்பு, முகத்தில் பல்வலிக்காரரின் களை. பின்னால் டிரம்மும் கிட்டாரும் நாற்பது பேர் போல ஆட்களும். ஊரே என்னைப் பார்த்து நின்றது. ராணி போல நடந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும், மரியாள் அப்படி நடந்திருக்கமாட்டாள் என்றாலும்.

மூலை வீட்டில் முதல் பிழை நடந்தது. அத்தை கதவை ஒழுங்காகத்தான் சாத்தியிருந்தாள். நாங்கள் பாடி முடித்ததும் "இடமில்லை இவ்வீட்டில்" என்று ஆரம்பிக்கவும் செய்தாள். இரண்டாவது அடிக்குப் போவதற்குள் ஜன்னல் திறந்தது. கம்பி வழியாக ஒரு டம்ளர் சுக்குக் காப்பி வெளியே வந்தது.

"ஏட்டி மக்கா, பனியில நிக்கியே. இந்தா பிடி."

"அத்தே, நீங்கோ எங்கள வெரட்டணும்!"

"வெரட்டியாச்சு பிள்ளே. நீ குடிச்சிட்டுப் போ."

எனக்கு அடுத்து அப்பாவுக்கு, அப்புறம் டிரம் அடிப்பவருக்கு, பிறகு வரிசையாக எல்லோருக்கும் ஜன்னல் கம்பி வழியாகக் காப்பி வந்தது. நடு நடுவே அத்தை "போங்களே போங்களே" என்று பாடினாள், "சீனி போருமா?" என்று கேட்டாள். மெக்சிக்கோவில் இப்படி ஒரு போசாதாவை யாரும் பார்த்திருக்கமாட்டார்கள். எனக்கு அழுகை வரும்போல இருந்தது. பெரியப்பா வீட்டில் எல்லாம் சரியாக நடக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். அவர் என் மாணவர்.

தோப்பு திரும்பும் இடத்தில் அப்பா நின்றுவிட்டார்.

"அடுத்தது எந்த வீடு?"

சொன்னேன். அப்பா திரும்பிக் கூட்டத்தில் அம்மாவைத் தேடினார். அம்மா குனிந்து யாரோ ஒரு குழந்தையின் ஷூ நாடாவைக் கட்டிவிட்டுக்கொண்டிருந்தாள். அது நாடா இல்லாத ஷூ. பின்னால் வந்தவர்கள் டிரம் அடித்து முன்னால் தள்ளினார்கள். நான் அப்பாவின் கையைப் பிடித்து இழுத்தேன். ஊரே பின்னால் நிற்கும்போது ஒரு மனுஷன் மரியாளை நடுரோட்டில் விட்டுவிட்டு எங்கே போவது? நடந்தார்.

பெரியப்பா வீட்டு நடைக்கு மூன்று படி. அப்பா கீழேயே நின்றார். "ஏறிக் கதவத் தட்டணும் அப்பா, அதாக்கும் முறை" என்றேன். "நீ தட்டு. நான் இஞ்ச நிண்ணு பாடுகேன்" என்றார். தலையணையைத் தாங்கிக்கொண்டு நானே ஏறித் தட்டினேன்.

அப்பா பாடினார். சன்னமான குரல், ஆனால் சுருதி தப்பவில்லை. உள்ளேயிருந்து பெரியப்பாவின் பதில் இடி மாதிரி வந்தது. ஒரு வார்த்தை பிசகவில்லை. கூட்டத்தில் யாரோ "ஆகா" என்றார்கள். பெருமையில் எனக்கு முக்காடு நிற்கவில்லை. இரண்டாம் முறையும் அப்படியே. அப்பாவின் குரல் கொஞ்சம் உயர்ந்திருந்தது, பெரியப்பாவின் குரல் கொஞ்சம் தாழ்ந்திருந்தது. மூன்றாவதாக, பிள்ளை பிறக்கும் வேளை, இரங்க மாட்டீரோ என்று அப்பா பாடி முடித்தார். காத்திருந்தோம். கதவுக்கு அந்தப் பக்கம் மிக அருகில் பெரியப்பாவின் குரல் வந்தது. பாட்டாக அல்ல, பேச்சாக.

"அப்பன் கெடந்தப்பம் நீ எங்கலே இருந்த?"

டிரம் நின்றுவிட்டது. பெரியப்பாவுக்கு மூன்றாவது அடி மறந்துபோய், வாய்க்கு வந்ததைச் சொல்கிறார் என்று எனக்குத் தோன்றியது. இவ்வளவு நாள் படிப்பித்தது இதற்குத்தானா? கதவில் வாயை வைத்துக் கத்தினேன். "பெரியப்பா! அது பாட்டில இல்ல! போங்களே போங்களேண்ணு வரும்!"

ஒருவரும் சிரிக்கவில்லை. அப்பா கீழே நின்றபடியே, "வர விடல்ல அண்ணா" என்றார். "நானும் துணிமணியெல்லாம் கெட்டிப் பொறுக்கி வச்சிட்டுதான் இருந்தேன். விடல்ல."

"பெட்டிய மூடாம வச்சிட்டு இருந்தேம்ல. ரோட்டப் பாத்துட்டே."

"தெரியும் அண்ணா."

"ஒத்தைக்கு நிண்ணு மண்ணு போட்டேம்ல."

அப்பா தடியைப் படியில் சாய்த்து வைத்தார். எனக்கோ ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஊரே பார்த்துக்கொண்டிருக்கிறது, இவர்கள் பாட்டை விட்டுவிட்டுக் கதை பேசுகிறார்கள். படியிலிருந்து குனிந்து, "அப்பா, முதல்லேருந்து பாடுங்கோ, அவியளுக்கு ஓர்ம வரும்" என்றேன். அப்பா என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு, நான் சொன்னதற்காகத்தான் என்று வெகுநாள் நினைத்திருந்தேன், வெகுதூரம் நடந்தோமே என்று முதல் அடியை மறுபடியும் எடுத்தார். ஓரிடம் தாரீரோ என்ற இடத்தில் நிறுத்திவிட்டார். மீதியைக் கூட்டம் பாடியது.

தாழ்ப்பாள் விழுந்த சத்தம் கேட்டது. கதவு திறந்தது.

நான் இரண்டு கைகளையும் விரித்து வாசலை மறித்தேன். "தொறக்கக் கூடாது பெரியப்பா! இது ரெண்டாவது வீடு!" பெரியப்பா என்னைத் தலையணையோடு சேர்த்துத் தூக்கி ஓரமாக வைத்தார். அவருடைய மூக்கும் கண்ணும் சிவந்திருந்தன. "ஏறி வாலே" என்றார் தம்பியைப் பார்த்து. அப்பா மூன்று படியையும் ஏறினார். பெரியப்பா அவர் தோளில் கிடந்த படுக்கை விரிப்பை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டார். இருவரும் உள்ளே போனார்கள். பாட்டாவின் படத்துக்கு முன்னால் அப்பா நின்றதையும், பெரியப்பா பக்கத்தில் நிற்க முடியாமல் தண்ணீர் குடிக்கப் போனதையும் பார்த்தேன். பெரியவர்களுக்கு ஒரு வேலையைக் கொடுத்தால் உருப்படியாகச் செய்யமாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

பின்னாலேயே கூட்டமும் உள்ளே வந்துவிட்டது. பெரியம்மை ஒரு பதற்றமும் இல்லாமல் இலை போட்டாள். ஆப்பம், ஆட்டுக்கறி, முந்திரிக்கொத்து, மட்டிப் பழம். நாற்பது பேரும் சாப்பிட்டார்கள். பெரியம்மை வீட்டில் சாப்பாட்டுக்கு ஒருநாளும் குறைவிருந்ததில்லை என்பதால் எனக்கு அதில் அதிசயமாக ஒன்றும் படவில்லை. கோபத்தில் சாப்பிடக் கூடாது என்றுதான் இருந்தேன். கறியின் மணம் விடவில்லை. அப்பாவும் பெரியப்பாவும் அடுத்தடுத்த இலையில் உட்கார்ந்திருந்தார்கள். பெரியப்பா தன் இலையிலிருந்த எலும்பை எடுத்து அப்பா இலையில் வைத்தார். சின்ன வயதிலிருந்தே அப்பாவுக்கு எலும்பு பிடிக்கும் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

இரண்டு பிழைகளையும் ஊர் அப்படியே வைத்துக்கொண்டது. இன்றைக்கும் முதல் வீட்டு ஜன்னல் வழியாகக் காப்பி வருகிறது. இரண்டாவது வீட்டுக் கதவு திறக்கிறது. மூன்றாவது வீடே இப்போது கிடையாது. நான் தலைதலையாக அடித்துக்கொண்டு சொல்லியும் யாரும் கேட்பதில்லை. மெக்சிக்கோவில் அப்படித்தான் என்று எனக்கே சொல்கிறார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். தக்கலையிலிருந்தும் கொட்டாரத்திலிருந்தும் கூட இதைப் பார்க்க ஆட்கள் வருகிறார்கள். எங்கள் அம்மா அடுக்களையில் கட்டிய பாட்டை எங்கள் ஊர்ப் பிள்ளைகள் கூட்டமாக நின்று பாடும்போது எனக்கு நெஞ்சு நிறைந்துவிடுகிறது. வேறு எந்த ஊருக்கு இப்படி ஒன்று இருக்கிறது?

ஆனால் அன்றைக்கு எனக்கு மனசே ஆறவில்லை. சாப்பிட்டு முடித்ததும், "மூணாவது வீடு பாக்கி இருக்கு, வாங்கோ" என்று ஒவ்வொருவரிடமும் போய்ச் சொன்னேன். எல்லோரும் வயிற்றைத் தடவிக் காட்டினார்கள். அம்மா ஆக்கிவைத்ததெல்லாம் வீணாகப் போகுமே என்ற வேதனையில் முக்காட்டைப் பிடித்துக்கொண்டு தோப்பு வழியாக எங்கள் வீட்டுக்கு ஓடினேன். வீடு பூட்டிக் கிடந்தது. நட்சத்திர விளக்குக் கூடப் போட்டிருக்கவில்லை. பின்னாலேயே அம்மா சாவியோடு வந்து திறந்தாள். நேராக அடுக்களைக்குப் போய்ப் பார்த்தேன். கேஸ் அடுப்பு துடைத்து வைத்தபடி இருந்தது. ஒரு பாத்திரம் இல்லை, ஒரு கிண்ணத்தில் ஒரு முந்திரிக்கொத்து இல்லை.

"அம்மா, நீங்கோ ஒண்ணுமே வச்சில்லியே! பெரியப்பா ஒழுங்கா பாடியிருந்தா இத்தன பேரும் இஞ்ச வந்து என்னத்தத் திண்ணிருப்பினும்?"

அம்மா சுவரில் சாய்ந்து நின்றாள். சிரித்தாளா அழுதாளா என்று சரியாகத் தெரியவில்லை. "மறந்தே போச்சு மக்கா" என்றாள்.

அம்மாவுக்கு ஞாபகமறதி வந்துவிட்டதே என்று எனக்குக் கவலையாகிவிட்டது. மறுநாள் காலையில் பெரியம்மையிடம் போய் அதை வருத்தத்தோடு சொன்னேன். பெரியம்மை கிணற்றடியில் ஆட்டுக்கறி வைத்த பெரிய பானையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். "உனக்க அம்மைக்கு வயசாவுதுல்லா" என்றாள், தலையை நிமிர்த்தாமல். அவள் தேய்த்துக்கொண்டிருந்தது எங்கள் வீட்டுப் பானை. அதன் காதில் அப்பாவின் பெயர் வெட்டியிருப்பதைக் கூட நான் பார்த்தேன். இரவல் வாங்கிய சாமானைத் தேய்த்துத் திருப்பிக் கொடுப்பதுதான் மரியாதை என்று நினைத்தபடி, ஒரு கை தண்ணீர் ஊற்றிக் கொடுத்தேன்.